ஒரு பெயருக்கான இடம்

தமயந்தியின் அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டு விதி மாறிவிட்டது. இதுவரை இரண்டு வீட்டுப் பெற்றோரையும் சேர்க்கலாம். இனி ஒரு வீட்டாரை மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அவளுடைய அம்மாவும் மாமியாரும் அவளோடுதான் இருந்தார்கள். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கென்னடி, குண்டுக்கல்லாட்டம் இருக்கேன். சம்பந்தியம்மா பேரைப் போடு," என்றாள் அம்மா.

"நல்லாருக்கே! எனக்குத் தலைவலின்னு ஒருநாள் படுத்திருப்பேனா? உங்கம்மா பேரையே எழுதும்மா," என்றாள் மாமியார்.

மறுநாளிலிருந்து வீட்டில் இருமல் சத்தம் கேட்கவில்லை. தைல வாசனையும் போய்விட்டது. மூன்று மாடி ஏறித் துணி காயப்போட இருவரும் முந்திக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தமயந்தி படிவத்தோடு கிளம்பினாள். அதில் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகவே இருந்தது. துணியோடு மாடி ஏறிக்கொண்டிருந்த இருவரின் காலடிகளும் பாதியில் நின்றுவிட்டன. பேச்சுக்குரலும் இல்லை. பதறிப்போய் ஏறிப் பார்த்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், ஈரத்துணி வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு இருவரும் நின்றிருந்தார்கள்.

அவளைக் கண்டதும் சிரித்தார்கள், வாயைத் திறக்காமல்.