தெரோனின் இரண்டாம் பிறப்பு

பிரசவத்துக்கு வந்திருந்தவர்கள்: மருத்துவச்சி பித்தோ, பூசாரி காலியாஸ், பிறக்கப்போகிறவனின் மனைவி மெலித்தா, வேடிக்கை பார்க்கப் பாதித் தெரு. பிறக்க வேண்டிய தெரோனுக்கு வயது நாற்பத்திரண்டு. பத்து வருடப் போர் முடிந்து கப்பலேறியவன் கடலில் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்ததும், ஊரார் அவனுடைய பழைய செருப்பு ஒன்றைப் புதைத்துக் காரியம் செய்துவிட்டார்கள். அவன் ஏழு வருடம் கழித்து வந்து நின்றான். காரியம் முடிந்தவன் மறுபடி பிறந்து, அழுது காட்டினால்தான் தன் வீட்டுக்குள் போக முடியும். அந்தத் தீவின் வழக்கம் அது.

வாசலில் அவனைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். பித்தோ முதுகில் ஓங்கி அறைந்தாள். போரில் இதைவிடப் பெரிய அடிகளை வாங்கியவனுக்கு அழுகை வரவில்லை.

"அழுடா. பொழுது சாயறதுக்குள்ள அழலைன்னா நீ செத்தவன்தான். சுடுகாட்டுப் பக்கம்தான் குடிசை போட்டுக்கணும்" என்றாள் பித்தோ.

மெலித்தா குனிந்து அவன் காதில் சொன்னாள். "உங்களைப் புதைச்ச அன்னிக்கு எனக்கும் அழுகை வரலைங்க. ஒத்தச் செருப்புக்கு ஊரே மாரடிச்சு அழுவுது. எனக்கு இன்னொரு செருப்பை என்ன பண்றதுன்னு யோசனை."

தெரோன் துணிக்குள் குலுங்கினான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது.

"இது சிரிப்பு. செல்லாது" என்றார் காலியாஸ்.

"நானூறு பிள்ளை எடுத்த கை சாமி இது. எது அழுகைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் பித்தோ.

பூசாரி மறுபடி வாயைத் திறப்பதற்குள் மெலித்தா தெரோனை, சுற்றியிருந்த துணியோடு உள்ளே இழுத்துப் போட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டாள்.