ஈரச் சிவப்பு

அப்பா இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். மறுநாள் வழக்கம்போல அம்மாவும் நானும் பனிக் குன்றுகளில் நடந்தோம். நடைபாதை மரங்களில் வழிகாட்டும் சிவப்புக் கோடு தீட்டுவது அப்பாவின் கோடைக்கால வேலை. குளிர்காலத்தில் யாரும் தீட்டுவதில்லை. அவர் கோடுகள் எல்லாமே கோணல்.

"உங்கப்பா கோட்ட நம்பினா எல்லையத் தாண்டி போலந்துல போய் நிப்போம்டி," என்றாள் அம்மா.

பாதை பிரியும் இடத்தில் ஒரு மரத்தில் புதிதாக ஓர் அம்புக்குறி இருந்தது. நடைபாதை வலப்பக்கம் போகிறது. அம்போ இடப்பக்கம், எங்கள் வீட்டுப் புகைபோக்கியைக் காட்டியது. அம்மா கையுறையைக் கழற்றித் தொட்டாள். விரலில் சிவப்பு ஒட்டியது.

"மனுஷன் இன்னும் கோணலாத்தான் போடுறாரு, பாரு."

வீடு வந்ததும் அப்பாவின் வீட்டுச் செருப்பைத் தேடியெடுத்து, சூடாகட்டும் என்று அடுப்பருகே வைத்தாள்.

நான் கதவைத் தாழிடவில்லை.