யேசுதாஸ் வண்டியின் கோளாறு

காலை பத்து மணிக்கு யேசுதாஸ் தன் குட்டி யானை லோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையிலும் கிரீஸ், தலைமாட்டில் நாலு ஸ்பேனர், கழற்றிப் போட்ட பேட்டரி வயர். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை.

விழுப்புரம் பக்கம் வெள்ளம். எண்ணூர் சர்ச்சில் விடிகாலையிலிருந்து புளிசாதம் கட்டுகிறார்கள். வண்டி கேட்டு ஆள் வரும் என்று காதில் விழுந்ததும் அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்துவிட்டார்.

எதிர்பார்த்தபடியே ஜெனி வந்தாள். அந்தத் தெரு கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பியக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். யாரும் போட்டியிடாததால் ஆறு வருஷமாக அவள்தான்.

"யேசண்ணா, வண்டி வோணும்."

"பேஜாரு பண்ணுது ஜெனி. ரெண்டு நாளா ஸ்டார்ட்டே ஆவல."

"காத்தால காட்டுப்பள்ளிக்கு லோடு அடிச்சியே?"

"அதுக்கப்புறந்தான்."

ஜெனி வண்டியோரமாகக் குந்தினாள். "வரேன்னு சொன்ன லாரிக்காரரு வரல. நானூறு பொட்டலம் கட்டி வச்சிகீறோம். சாயந்தரத்துக்குள்ள போவலன்னா ஊசிப்பூடும். அங்க ஜனம் ரெண்டு நாளா பட்னிண்ணா."

யேசுதாஸ் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது. தானே புயலுக்கு மூன்று நாள் கூலி வாங்காமல் வண்டி ஓட்டியவர். கேரள வெள்ளத்துக்கு ஒரு நாள். கஜாவுக்கு ஒரு போர்வை. வயநாட்டு நிலச்சரிவுக்கு ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம், அதிலும் பாதியில் தூங்கிப் போனார்.

இப்போதெல்லாம் டிவியில் தண்ணீரைக் காட்டினாலே சேனலை மாற்றிவிடுகிறார். மாற்றிய கையோடு தன்மேலேயே எரிச்சல் வரும். அழுகை வரவேண்டிய இடத்தில் கொட்டாவி வருவது அவருக்கே பயமாகத்தான் இருந்தது.

"வருசா வருசம் எவனாவது முழுகிகினேதான் கீறான்" என்றார் அடியிலிருந்து. "போன டிசம்பர்ல நம்ம தெருவே முழுகிச்சே, எவன் வந்தான்? நான் எவன்கிட்டயாவது கை நீட்னனா? வூட்ல கீறத வச்சி ஓட்டல?"

ஜெனி வாதாடவில்லை. போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, வண்டிக்கு அடியில் நீட்டினாள். "இத்த பாரு."

வேண்டாவெறுப்பாக வாங்கிப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீர். ஒரு லாரியின் பின்பக்கம். மேலேயிருந்து யாரோ பிரெட் பாக்கெட் வீசுகிறார்கள், கீழே கூட்டம் முட்டி மோதுகிறது. எல்லாருக்கும் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் தனியாக நிற்கிறான். பனியன் முழுக்கக் கன்னங்கரேல் என்று சேறு.

போனைத் திருப்பிக் கொடுக்கத்தான் கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

"இன்னா இவன், கைய இம்மாந்தான் தூக்கறான்? இப்டி நின்னா இவனுக்கு எப்ப கெடைக்கும்?"

"தெர்லியே."

"கேட்டுப் பயக்கம் இல்ல இவனுக்கு. வெக்கம். தெரிஞ்சவன் எவனாவது பாத்துடப் போறான்னு பின்னாடி நிக்கறான்." விரலால் படத்தைப் பெரிதாக்கினார். திரையெல்லாம் கிரீஸ். "வூட்ல புள்ளைங்க கீது. தனக்கு மட்டும்னா வந்தே இருக்க மாட்டான்."

"மூஞ்சியே தெர்ல. உனுக்கு எப்டி தெரியும்?"

"தெரியும்" என்றார் யேசுதாஸ்.

இந்த முறை அவருக்குக் கொட்டாவி வரவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கண் எரிந்தது. கிரீஸைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார்.

பிறகு வண்டியடியிலிருந்து வெளியே வந்து, மூன்றே நிமிடத்தில் பேட்டரி வயரை மாட்டினார். என்ன கோளாறு என்று ஜெனி கேட்கவில்லை. அந்த நாகரிகம் அவளுக்கு உண்டு.

பதினோரு மணிக்கெல்லாம் சர்ச் வாசலில் பொட்டலங்கள் ஏறிவிட்டன. நடுவில் யேசுதாஸ் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு துணிக்கடைப் பையோடு வந்தார். கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்த புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இது எதுக்கு?"

"அந்த ஆளுக்குத்தான். பனியன்கூட நாறிப்போய்க் கீது பாவம். என் சைசுதான் இருப்பான்."

ஜெனி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. திருவொற்றியூர் தாண்டியது. அவர் முகத்தில் பழைய தானே புயல் காலத்துத் தெளிவு வந்திருந்தது.

"போனதும் மொத வேலையா அந்த ஆளு எந்தத் தெருன்னு விசாரிக்கணும்" என்றார். "ஆமா, நமக்கு முன்னாடியே லாரி வுட்டுட்டாங்களே, அவங்க எந்த ஊரு? நல்லா இருக்கட்டும்."

ஜெனி அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த லாரி போன டிசம்பர்ல விழுப்புரத்துக்காரங்க நமக்கு அனுப்புனதுண்ணா. ஆளு நீ."