சைகோனிலிருந்து ஐந்து நாள்

"திங்கக்கெழம இங்கேருந்து தந்தி போச்சு. சனிக்கெழம சைகோன்காரன் பாகூர்ல நிக்கிறான். கப்பல்ல வந்தா இருவது நாளு. இவன் இன்னா, அனுமாரா?"

ஆதிமூலம் கேட்டதும் பிரெஞ்சு ஆட்சியின் கொம்யூன் கச்சேரியே சிரித்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய கொம்யூன் தலைவர், மேர் சிவப்பிரகாசம் மட்டும் சிரிக்கவில்லை.

தணிகைவேல் சைகோனுக்கு வேலைக்குப் போய்ப் பதினான்கு வருடம். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. ஆள் செத்துவிட்டான், பிள்ளையில்லாதவனின் மூன்று காணி நஞ்சையும் வீடும் பங்காளியான தனக்குத்தான் என்று ஆதிமூலம் மனுப் போட்டுவிட்டார். மேர் கெடு வைத்த சனிக்கிழமைக்குள் தணிகைவேல் நேரில் வராவிட்டால் அவன் மனைவி அம்சவள்ளி தெருவில் நிற்க வேண்டியதுதான். தந்தி கொடுத்தவள் அவள்தான்.

வந்தவன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதில் இருபது வயதுத் தணிகைவேலைத் தேடி ஊரே தோற்றுப்போனது. "எம் புருசன எனக்குத் தெரியாதா?" என்று அம்சவள்ளி சொல்லிவிட்டாள். ஆதிமூலத்துக்கு அது போதவில்லை. புதுச்சேரியில் எவனையோ பிடித்து வந்து நிறுத்தியிருக்கிறாள் என்றார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், இவள் ஏன் நடுங்குகிறாள் என்றும் கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"எப்பிடிப்பா வந்தே?" என்றார் மேர்.

"ஏரோப்ளேன்லங்க."

சிரிப்பு நின்றது.

செவ்வாய் விடியற்காலை சைகோனில் ஏறினானாம். பாங்காக்கைத் தாண்டி ரங்கூனில் இரவு தங்கல். புதன் மதியம் கல்கத்தா. ஆகாயத்தில் இருந்தது மொத்தமே பன்னிரண்டு மணி நேரம். அப்புறம் மெட்ராஸ் மெயிலில் இரண்டு இரவு, கடலூருக்கு இன்னொரு ரயில், கடைசியில் மாட்டு வண்டி. இடுப்பு ஒடிந்தது அந்த வண்டியில்தான் என்றான்.

"வாயால இன்னா வேணா சொல்லலாம்," என்றார் ஆதிமூலம்.

அவன் டிக்கெட்டை நீட்டினான். மேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு எழுத்துகளை வரி வரியாகப் படித்தார். அலமாரியிலிருந்து விமானத் தபால் அட்டவணையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர், மணிக்கு இருநூறு.

"பன்னெண்டு மணி நேரம், சரியாத்தான் இருக்கு. டிக்கெட்டுல பேரும் தணிகைவேலுதான்," என்றார் மேர். "நெலம் அவனுதுதான், ஆதிமூலம். நீ கெளம்பு."

ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவள்ளி கதவைச் சாத்தினாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே," என்றாள். "அவரு உசுரு எப்ப போச்சு?"

அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"எம் பேர்ல நீ போயி நில்லுன்னு டிக்கெட்ட எங் கையில குடுத்த அன்னிக்கு ராத்திரியே, தங்கச்சி."