எட்டு கோரும் இரண்டு கோரும்

முனிரத்தினம் லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார். தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஆளைப் பார்ப்பதுபோல் கடைக்காரன் தீனா அவரைப் பார்த்தான்.

"சார், காதை வெச்சா என்ன தெரியும்? ப்ராசஸரைப் பாருங்க. இது எட்டு கோர், எட்டு பேர் சேர்ந்து வேலை செய்யற மாதிரி. பக்கத்துல ஓடுதே, அந்தப் பழைய லேப்டாப்புல ரெண்டே கோர். ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"இது சூடாவுமா?"

"ஆகவே ஆகாது. அதனால உள்ள ஃபேனே கிடையாது."

முனிரத்தினம் அதை ஓரமாக நகர்த்தினார். தாம்பரம் சண்முகம் சாலையில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறான் தீனா. சூடாகாது என்று சொன்னதும் முகம் வாடிய முதல் ஆள் இவர்தான்.

"பையனுக்குத்தானே சார்?"

"ஆமா, எங்க லோகுவுக்கு. சிறுசேரி கம்பெனி, வூட்லேர்ந்தே வேலை. அவன் வெச்சிருந்தது பொத்தேரிகிட்ட பைக்லேர்ந்து வுழுந்து நசுங்கிப்போச்சு. இன்னிக்கே வேணும் தம்பி."

அவருடைய போன் அடித்தது. மனைவி கிளியம்மாள். இதய ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தவள். பலவீனமான அந்தக் குரல் தீனாவுக்கும் கேட்டது.

"இன்னாங்க, லோகு ரூம்ல சத்தமே காணோம்? எப்பவும் அந்த மிஷினு உர்ருன்னு கத்தினு கெடக்குமே."

"மிஷினு ரிப்பேரு. வேற வாங்கினு வரேன். நீ எய்ந்திருக்காத. அவனுக்கு சளி, கதவைத் தொறக்கச் சொல்லாத. உனுக்கு ஒட்டிக்கினா பேஜாராயிடும்."

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். இந்த வயதில் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து அலைகிறாரே என்று தீனாவுக்குப் பாவமாக இருந்தது.

முனிரத்தினம் பழைய இரண்டு கோர் லேப்டாப்பை எடுத்துக் காதருகே வைத்தார். அதன் ஃபேன் உர்ரென்று இரைந்தது. கடைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது.

"இதையே குடு."

"வேணாம் சார். இதுல உங்க பையனால ஒரு வேலையும் செய்ய முடியாது. என்னைத்தான் திட்டுவாரு. அவருக்கு போன் போடுங்க, நானே பேசறேன்."

"வேலை செய்ய வேணாம் தம்பி. மூடின ரூம்ல இது ஓடிக்கினு இருந்தா போதும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவ நிம்மதியா படுத்துக் கெடப்பா."

தீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ உங்க பையன்?"

முனிரத்தினம் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அவன் செத்தது அவளுக்குத் தெரியாது தம்பி."