சுவரைப் பார்க்கும் சட்டம்

“என்ன மாஸ்டர், இதுவும் வெட்டிக் கழிச்ச துணிதானா?”

அம்மா கெக்கலி கொட்டிச் சிரித்தாள். டிவியில் ஓடிய விளையாட்டில் அப்பாவின் ஆள் பந்தோடு குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் அம்மாவின் ஆட்கள் நாலு பேர்.

விடுதியிலிருந்து வந்து தோள்பையைக்கூட இறக்காத மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா, உடம்புக்கு முடியாத மனுஷன்கிட்டயா உன் வீரம்? ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?”

“வந்துட்டாங்க வக்கீலம்மா! முதல்ல போய் முகத்தைக் கழுவு.”

அப்பா சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது.

தையல் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். பட்டனுக்குக் காஜா போடும் மெஷினில் அம்மா. மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்து அப்பாவின் வலது பக்கம் விழுந்தது. கால் தேறிவிட்டது, கையும் முக்கால்வாசி தேறிவிட்டது. கட்டைவிரல் மட்டும் மரக்கட்டை. ஒண்ணாம் தேதிக்குள் கத்தரிக்கோல் பிடிக்காவிட்டால் வெட்டு மேஜைக்கு வேறு ஆள் என்று முதலாளி சொல்லியாயிற்று. இன்னும் பதினோரு நாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை, “நான் என்ன பச்சைக் குழந்தையா?” என்று அப்பா தூக்கி எறிந்துவிட்டார். அதன் பிறகுதான் அம்மா பரணிலிருந்து மகளின் பழைய வீடியோ கேமை இறக்கினாள்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிற வகை ஃபுட்பால் அது. ஒவ்வொரு தடவையும் ஆட்டம் தொடங்குமுன் திரையில் ஒரு புத்தகம் விரியும். பந்து வைத்திருப்பவர் அதிலிருந்து ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பந்தோடு ஓடுவதா, தூரத்து ஆளுக்கு எறிவதா? தடுப்பவருக்கும் அதேபோல் ஒரு புத்தகம். இருப்பது ஒரே டிவி. அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும்.

“திரும்பு, காஜா ராணி.”

அம்மா திரும்பினாள். அப்பா ‘ஓட்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். அம்மா ஓட்டத்தைத் தடுக்கும் திட்டத்தைப் போட்டாள். அப்பாவின் ஆள் இரண்டடி வைப்பதற்குள் தரையில்.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மூன்று தடவையும் எப்படிச் சரியாகச் சொல்லிவைத்தாற்போல்? மகள் அம்மாவையே கவனித்தாள். அம்மா திரும்புகிற சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு ஓரம் சுவரைவிட்டுத் தள்ளிக்கொண்டு, கோணலாகத் தொங்கியது. அதற்குள் டிவி முழுசாகத் தெரிந்தது.

அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

“கட்டின புருஷன்கிட்டயே கள்ள ஆட்டமா? வெக்கமா இல்ல?”

“ஷ்... மெதுவாப் பேசு. அவருக்குத் தெரிஞ்சிடப் போகுது.”

“தெரியட்டும்! நானே சொல்றேன்.”

“சொல்லு, தாராளமா சொல்லு. அதுக்கு முன்னாடி அவர் கையைக் கொஞ்ச நேரம் பாரு. வக்கீல்னா ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?”

ஆட்டம் தொடர்ந்தது. இந்தத் தடவை அப்பா கொஞ்சம் யோசித்து, ‘எறிதல்’ என்பதற்குப் போனார். கண்ணாடிக்குள் அம்மாவின் கண் அதைப் பார்த்ததை மகளும் பார்த்தாள்.

டிவி பக்கம் திரும்பிய அம்மா, ஓட்டத்தைத் தடுக்கும் திட்டத்தையே மறுபடி போட்டாள். தூரத்தில் அப்பாவின் ஆள் தன்னந்தனியாக நின்றான். அவனைச் சீந்த ஒரு ஆள் இல்லை.

விளையாட்டு ரிமோட்டைப் பிடித்திருந்த அப்பாவின் கைகளை மகள் பார்த்தாள். ஓடுவதற்கு இடது கட்டைவிரல் போதும். எறிய வேண்டுமானால் வலது கட்டைவிரல் பட்டனை அமுக்கியாக வேண்டும்.

அந்த விரல் நடுங்கியது, அமுக்கவில்லை. ஆள் விழுந்தான்.

“அவ்வளவுதானா மாஸ்டர்? கத்தரிக்கோலை எனக்கே எழுதிக் கொடுத்துடுங்க!”

“வாயை மூடுடி. திரும்பு.”

மறுபடி எறிதல். மறுபடி அம்மா தெரிந்தே தப்பான தடுப்பைப் போட்டாள். விரல் மறுபடி நடுங்கியது. அப்பாவின் நெற்றியில் வியர்வை பூத்தது.

டிக்.

பந்து பறந்தது. தூரத்து ஆள் அதை அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினான்.

“ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்!” என்று கத்தினாள் அம்மா. “அடுப்புல பால் பொங்குது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் இல்லை. மகள் இப்போதுதான் அங்கிருந்து வந்திருந்தாள்.

கண் கலங்குவது அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று மகள் சுவர்ப் பக்கம் போனாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

“கண்ணாடி ஏம்ப்பா இப்படிக் கோணலாத் தொங்குது?” என்று நேராக்கப் போனாள்.

“தொடாதே!”

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நேரா வெச்சா உங்கம்மாவுக்கு டிவி தெரியாது. அவ ஓட்டத்தைத் தடுக்கலைன்னா இந்தச் சோம்பேறி அப்பன் இடது கையிலயே ஓடிட்டு இருப்பான். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. ஒத்தைக் கையால அதை அங்க மாட்ட, எனக்கு ஒரு மத்தியானம் முழுசா ஆச்சு.”