பொதுச் சுவர்

பக்கத்து மெத்தைக் கடையில் தீ அணைந்து அரைமணி நேரம் ஆகிறது. இந்த வீட்டின் ஜன்னல் வழியே மத்தியான வெயில் இறங்கி, ஈரப்புகைக்குள் பால்போல் கலங்கி நிற்கிறது. எரிந்த பஞ்சுத் துகள்கள் அவசரமே இல்லாமல் மிதக்கின்றன. தீயணைப்பு வீரர் ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு, கடைக்கும் வீட்டுக்கும் பொதுவான சுவரில் புறங்கையை வைத்து வைத்து நகர்கிறார். கண்களை மூடியிருக்கிறார். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்காரி வாசலில் நிற்கிறாள்.

"அதான் அணைஞ்சிருச்சே அண்ணா. பிள்ளையைத் தொட்டில்ல போடட்டுமா?"

கடப்பாரையோடு நிற்கும் இன்னொரு வீரர் சுவரைத் தொடுபவரைக் காட்டிச் சிரிக்கிறார். "எங்க டாக்டர் பார்த்து முடிக்கட்டும்மா."

சுவரோரத் தொட்டிலுக்கு நேர் மேலே அந்தக் கை நின்றுவிடுகிறது. விலகி, மறுபடி அதே இடத்தில் படிகிறது.

"இங்க காயுது."

வெள்ளைச் சுவரில் ஒரு கறைகூட இல்லை. தொட்டிலை நகர்த்திவிட்டு இரண்டு செங்கற்களைப் பெயர்க்கிறார்கள். கடையிலிருந்து வந்து சுவருக்குள் முடிகிற உத்தரத்தின் நுனி, சத்தமே இல்லாமல் சிவந்து கிடக்கிறது. தண்ணீர் பட்டதும் பெருமூச்சு விட்டுக் கறுக்கிறது. அவர் மறுபடி புறங்கையை வைத்துக் காத்திருக்கிறார், வெகுநேரம் காத்திருக்கிறார்.

"இப்ப விட்டிருச்சு. படுக்க வைம்மா."

வண்டியின் ஓசை தெருமுனையில் தேய்கிறது. குழந்தை இன்னும் அவள் தோளில்தான். அவள் புறங்கையை வைத்து வைத்துச் சுவரோரமாக நடக்கிறாள். தீ எட்டியே பார்க்காத எதிர்ச்சுவரையும் அவள் விடவில்லை.